ஐந்து கிலோவுக்கு ஒரு மெத்தை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ரெண்டு மணி அக்கா' என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். எழுந்திருக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் வார்டில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டுவிட்டால் எலும்பு துருத்திய இடத்திலெல்லாம் படுக்கைப் புண் வந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பெயர். டாக்டர்களுக்கே சந்தேகம் வந்தால் "அக்காவக் கேளுங்க" என்பார்கள்.

அவளிடம் ஒரு சோதனை உண்டு. ஆள் படுத்திருக்கும்போதே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து நுழைப்பாள். மேலே இருப்பவரின் எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை செத்துப்போயிற்று என்று அர்த்தம். "மாத்துங்க" என்பாள். மேலிடத்தில் மூக்கால் அழுதாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்டவளின் புருஷன் ஒரு நாள் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. மூன்று வருஷம் வீட்டில், வாடகைக்கு எடுத்த கட்டிலிலும் காற்று மெத்தையிலுமே கிடந்தார். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மகள் பார்த்துக்கொண்டாள், மற்ற நேரமெல்லாம் இவள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள் என்றால் அது மிகையில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் அவர் செத்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: மூணு வருஷம், உடம்புல ஒரு புண்ணு இல்ல.

அவள் தலையாட்டினாள். ஆனால் புண் இருந்தது. கடைசியாக அவர் உடம்பைக் குளிப்பாட்டும்போது பார்த்தாள். இடது குதிகாலின் பின்பக்கம், கட்டை விரல் நகம் அகலத்துக்குக் கறுத்துப்போய். மூன்று வருஷமும் இடுப்பைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், காது மடலைக்கூடப் பார்த்தாள், குதிகாலை விட்டுவிட்டாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் "குதிகாலை மறக்காதீங்கடி" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவளும் அவள்தான். அதைப் பார்த்ததும் துணியை இழுத்துக் காலை மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றோடு அவளுக்குள் ஏதோ மரத்துப்போயிற்று. அழுகை வரவில்லை. பதினாறு நாள் விடுப்பு கொடுத்தார்கள், நாலாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ்ஸில் ஏறினாள், இறங்கினாள். "என்ன கல்லு மனசு பாரு" என்று நாத்தனார் பேசியது காதில் விழுந்தது. அது யாரையோ சொன்னதாக இருந்தது அவளுக்கு.

இனி நாய்க்கு வருவோம். பெயர் பொத்தான். ஐந்து கிலோ இருந்தால் அதிகம். பதினொரு வயசு. அவருடைய நாய். மூன்று வருஷமும் அவருடைய வலது விலாவோடு ஒட்டிக்கொண்டு அந்தக் காற்று மெத்தையிலேயே படுத்துக் கிடந்தது. அவர் போன மறுவாரமே வாடகைக் கட்டிலையும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் வெறும் தரை. பொத்தான் அந்தத் தரையிலேயே படுத்தது. அவள் தடுக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. கிண்ணத்தில் சோறு வைத்தாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் தரை துடைக்கும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. நாயைத் தூக்கிப் பார்த்தாள். முன்னங்கால் முட்டி இரண்டிலும் முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தது. இடது முட்டியில் தோல் வெடித்துச் சிவப்பாகத் திறந்திருந்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. படுக்கைப் புண்.

நாய் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "வெறும் தரையில விடாதீங்க. உடம்பை நல்லாத் தாங்குற மெத்தையா வாங்குங்க. இது எலும்பு வரைக்கும் போச்சுன்னா இந்த வயசுல ஆறாதும்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. இந்த வீட்டில் இன்னொரு புண் ஆழமாகப் போகக் கூடாது. நாலு மாதத்தில் அவளுக்குள் தோன்றிய ஒரே எண்ணம் அதுதான்.

செல்லப்பிராணிக் கடைக்குப் போனாள். அடேயப்பா, மெத்தைகளில்தான் எத்தனை அழகு! இதய வடிவம், எலும்பு வடிவம், சுற்றிலும் கரை கட்டிய ரோஜா நிறக் கிண்ணம். கடைக்காரர் ஒவ்வொன்றையும் குழந்தை மாதிரி ஏந்திக் காட்டினார். அக்கா முழங்கையை நடுவில் ஊன்றினாள், அடியில் உள்ளங்கையை நுழைத்தாள். முழங்கை நேராக வந்து கையில் தட்டியது. "இது செத்துப்போச்சு." அடுத்தது. "இதுவும் செத்துப்போச்சு." ஒன்பது மெத்தைகளை வரிசையாகச் சாகடித்தாள்.

"அம்மா, இது எல்லாம் புதுசும்மா" என்று திருதிருவென விழித்தார் கடைக்காரர். "உங்க நாய்க்கு என்ன, யானை எடையா?"

கேட்டாரே, நியாயமான கேள்வி! அப்போதே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அவள் காதிலேயே வாங்காமல் படி இறங்கிவிட்டாள்.

சோபா தைப்பவர்களுக்கு ஸ்பாஞ்ச் வெட்டிக் கொடுக்கும் கடை அடுத்த தெருவில் இருந்தது. ஆஸ்பத்திரி மெத்தைக்குப் போடுகிற அதே கெட்டி ரகத்தைக் கேட்டாள். முழங்கையை ஊன்றினாள், உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினாள். கீழே ஒன்றும் தட்டவில்லை. பொத்தான் அளவுக்கு வெட்டி வாங்கிக்கொண்டு வந்து, உறை தைத்து, கட்டில் இருந்த இடத்திலேயே போட்டாள்.

பொத்தான் ஏறியது, மூன்று சுற்று சுற்றியது, இறங்கிப் போய்த் தரையில் படுத்தது. தூக்கி வைத்தாள், இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து கையால் அணைத்துப் பிடித்தால் மட்டும் கிடந்தது. இப்படியே இரண்டு வாரம். கட்டைப் பிரித்தால் புண் பெரிதாகியிருந்தது. மெத்தையிலேயே கிடந்த நாள்களில்கூட. வலது முட்டியும் சிவக்க ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கே பாடம் சொல்பவளின் மூக்கு உடைந்தது அப்படித்தான். ஒரு மத்தியானம் நாயை மெத்தையில் நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டாள். நாய் நின்ற இடத்தில் ஒரு சின்னக் குழிகூட இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது மெத்தை.

ஐந்து கிலோ. அவள் வாழ்க்கையில் ஐந்து கிலோ ஆளைப் புரட்டிப் படுக்க வைத்ததே இல்லை. நாற்பது, அறுபது, நூற்றுப் பத்துகூட உண்டு. அந்தக் கனத்துக்கு இந்த ஸ்பாஞ்ச் அமுங்கும், தாங்கும். பொத்தானுக்கு இது பலகை. அடியில் கை வைத்துப் பார்க்கும் அவளுடைய சோதனையில் பலகைகூடத்தான் பாஸாகும். இருபத்தாறு வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றாமல் போனதே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"இதுக்கு மேல ஒட்டுற மாதிரி ரொம்ப மெத்துனு ஏதாவது இருக்காங்க?"

ஸ்பாஞ்ச்காரர் நல்ல மனுஷர். கேலி செய்யாமல், தடிமன் வாரியாக மூன்று மெல்லிய துண்டுகளைச் சுருட்டிக் கொடுத்தார். "மூணையும் போட்டுப் பாருங்க. சேருறத வச்சுக்கிட்டு மத்ததக் கொண்டாங்க. எது சேரும்னு நாய்தான் சொல்லணும், நான் என்னத்தச் சொல்ல!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்திருந்தாள். அப்பாவுக்குப் பிறகு அவள் வேலை கிடைத்து வேறு பேட்டைக்குக் குடிபோயிருந்தாள். அக்கா முதல் துண்டை விரித்து நாயைப் படுக்க வைத்தாள். இந்தத் தடவை அடியில் இல்லை, முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் கையைச் செருகினாள். எலும்பு குத்துகிறதா, கனம் பரவுகிறதா என்று அங்கேதான் தெரியும். வைத்துக்கொண்டே இருந்தாள். கையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"என்னம்மா?"

"தெரியல" என்றாள். "என் கையில ஒண்ணுமே தெரியல."

கையுறையும் கிருமிநாசினியும் இத்தனை வருஷமாகத் தின்ற கை. அறுபது கிலோ ஆளின் இடுப்பெலும்பு அதற்குத் தெரியும். இந்த ஐந்து கிலோ தெரியவில்லை. "நீ வை" என்றாள் மகளிடம்.

மகள் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கையைச் செருகினாள். முதல் துண்டில், "குத்துதும்மா, ஆணி மாதிரி." இரண்டாவதில், "கொஞ்சம் குத்துது." மூன்றாவதைப் போட்டதும் பொத்தான் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே சரிந்து, கால்களை நீட்டி, மகளின் கை மேலேயே படுத்துவிட்டது.

"குத்துதா?"

"இல்லம்மா. முட்டி எங்க இருக்குன்னே தெரியல. மொத்தமா வெதுவெதுன்னு இருக்கு."

"எடுக்காத. அப்படியே இருக்கட்டும், பார்ப்போம்."

கொஞ்ச நேரத்தில் பொத்தான் குறட்டை விட ஆரம்பித்தது. அக்கா அந்தக் கட்டுப் போட்ட முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கடையில் சாமான் பட்டியல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"உங்கப்பாவுக்கு இடது குதிகால்ல புண்ணு இருந்துச்சு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிப்பாட்டுறப்பதான் பார்த்தேன். நான் குதிகாலப் பார்க்கவே இல்லடி. எல்லாரும் ஒரு புண்ணு இல்ல, ஒரு புண்ணு இல்லன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

"காலையில எல்லாம் நான்தானேம்மா பார்த்தேன்." என்றாள் மகள். "நானும்தான் பார்க்கல."

"நீ பார்க்க வேண்டியதில்ல. அது என் வேலை."

மகள் கேட்டாள். "அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

வார்டில் எத்தனை பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அக்காவிடம் பதில் தயாராக இருந்தது.

"வலிச்சிருக்காது. அந்தக் காலுக்கு உணர்ச்சியே கிடையாதுல்ல. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அவருக்கு வலிச்சிருக்காதும்மா, எனக்குத்தான்…"

முடிக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது. நாலு மாத அழுகை, தோள் இரண்டும் குலுங்க. "எனக்கு வலிக்குதுடி" என்றாள், திரும்பத் திரும்ப. "எனக்கு வலிக்குது."

மகளுக்கு எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு கை நாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு கையை எட்டி நீட்டி அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போயிற்று. மகள் இரண்டு கையையும் எடுக்காமல் படுத்திருந்தாள்.