இரண்டு கோடு போடச் சொன்னவர்

யுத்தம் முடிந்த சமயம். என் வீட்டுக்காரர் வேலையில் அடிபட்டு இறந்ததற்குக் கம்பெனி என் பேருக்கு ஒரு செக் கொடுத்தது. மகள் கல்யாணத்துக்கு அதுதான் இருந்தது. நான் கைநாட்டு இல்லை, கையெழுத்துப் போடுவேன். கொழுந்தன் கேட்டான் என்று செக்கின் பின்பக்கம் என் பெயரை எழுதிவிட்டு, மயிலாப்பூர் பாங்கிக்கு அவனோடு நானும் போனேன்.

கவுண்டரில் ஒல்லியான ஒரு மனிதர், கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு. யார் நீட்டிய செக்கையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

"யாரும்மா இங்க கையெழுத்துப் போடச் சொன்னது?"

"என் கொழுந்தன்தான்."

"இனிமே இதை யார் கொண்டாந்து நீட்டினாலும் பணம் அவங்களுக்குத்தான், தெரியுமா?"

"இன்னா சார், அண்ணி காசை நான் துன்னுடுவேனா?" என்றான் கொழுந்தன்.

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. பேனாவை என்னிடம் கொடுத்தார். "முன்பக்கம் குறுக்கே ரெண்டு கோடு போடுங்க. அப்புறம் இது உங்க கணக்குலதான் விழும், கை மாறாது."

போட்டேன். நடுவில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, அங்கேயே என் பேரில் கணக்கு திறந்தார்.

சில மாதத்தில் அந்தப் பாங்கி முழுகிப்போனது. பூட்டிய கதவுக்கு முன்னால் கூட்டத்தில் அவரும் நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"என் பணமும் உள்ளேதாம்மா இருக்கு" என்றார்.

மகளுக்குக் கல்யாணம் நடக்கவேயில்லை. அவர் அன்று சொன்னது நான் கேட்டதற்குப் பதில்தானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.