நின்றுபோன இரைச்சல்

பேனா மூடியைக் கடித்துக்கொண்டேதான் எழுதுவாள் அப்ராஃபி. "வாங்குங்கள்" என்ற சொல் தப்பித் தவறி விழுந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடியும் கடிப்பாள். கானா நாட்டுக் குமாசி நகரில் எங்கள் வானொலி நிலையத்தின் விளம்பரங்கள் எல்லாம் அவள் எழுதுபவை. படிப்பது நான்.

வீட்டுக்குச் சோப்பு விற்பதில் அவளுக்கு ருசி கிடையாது. வியாபாரிக்கே விற்க வேண்டும். "அவ நாள் பூரா விக்கிறவ. உன் தந்திரம் அவளுக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்து அவ கவலையச் சொல்லு, போதும்" என்பாள். ரொட்டிக்கடைகளுக்கு ஈஸ்ட் விற்க, விடிகாலையில் ரொட்டி கிடைக்காத சிற்றுந்து ஓட்டுநர்களின் முணுமுணுப்பை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

கவலையைத் தேடி அவள் வெளியே போக வேண்டியதில்லை. புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கே உருண்டையைப் பிட்டு வாயில் போடும்போதுகூட "வேலை போயிடுமோ?" என்று கேட்பாள். இந்த முறை அது வெறும் பேச்சாக இல்லை. மீன்கடைக்காரிகளுக்கு ஸ்டெபிலைசர் விற்க, மின்சாதனக் கடைக்காரர் போவாச்சி ஒரு விளம்பரம் கேட்டிருந்தார். அவள் எழுதியது இதுதான்: ஃப்ரீசரின் இரைச்சல். அது நின்றுபோகிறது. மௌனம். பிறகு தணிந்த குரலில் கடையின் பெயரும் தெருவும்.

போவாச்சி கொதித்துப்போனார். "ஏம்மா, ஸ்டெபிலைசர்னு ஒரு வார்த்தை இல்லையே! சும்மா கெடக்கறதுக்கா காசு?"

"சத்தம் நின்னுபோறதுதான் பாஸ் அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கலன்னா?"

ஆள் வராவிட்டால் வேறு நிலையத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு நடந்தார். அவர் போனால் நீயும் போ என்று அப்ராஃபியிடம் சொல்லிவிட்டார் எங்கள் முதலாளி.

முதல் ஒலிபரப்பு அன்று என்னையும் இழுத்துக்கொண்டு மீன்கடை வரிசைக்குப் போனாள். கோனாது அக்காவின் கடையில் வானொலி அலறிக்கொண்டிருந்தது.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற? மீனு வேணுமா, மாப்பிள்ள வேணுமா?" என்று சிரித்தாள் அக்கா. அப்ராஃபியின் கண் வானொலிமேலேயே இருந்தது.

வானொலியில் இரைச்சல் எழுந்தது. கடைக்குள் இருந்த இரைச்சலோடு கலந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று நின்றது.

அக்காவின் சிரிப்பும் நின்றது. "ஐயோ, என் பெட்டி!" என்று பாய்ந்துபோய் ஃப்ரீசர்மேல் கை வைத்தாள். வரிசை முழுக்க அதே கதை. வானொலியில் போவாச்சி கடையின் பெயர் ஒலித்த பிறகுதான் அக்கா மூச்சு விட்டாள்.

"நாசமாப் போறவன், உசுரே போயிட்டு வந்துச்சு. ஆமா, அந்தக் கடை எந்தத் தெருன்னு சொன்னான்?"

ஜெயித்துவிட்டோம் என்று சொல்லத் திரும்பினேன். அப்ராஃபியின் காதில் எதுவும் விழவில்லை. அக்காவின் கைக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையையும் ஃப்ரீசரில் அழுத்திக்கொண்டு, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.