எட்டு கிலோ எண்ணூறு

எங்கள் அங்கன்வாடி வேலையில் குழந்தைகளைக்கூடச் சமாளித்துவிடலாம், தராசைச் சமாளிக்க முடியாது. மாதம் ஒரு நாள் எல்லாரையும் எடை போட்டுப் போனில் ஏற்றினால், அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். சிவப்பு வந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து சாகும் சக டீச்சர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தராசு மேல் சந்தேகம்

பொழிச்சலூரில் எங்கள் மையத்துக்கு யாழினி வந்தபோது ரெண்டரை வயசு. எட்டு கிலோ எண்ணூறு. சிவப்பு! சிவப்புக் குழந்தைக்குப் பச்சை வரும்வரை சத்துமாவு பாக்கெட் கூடுதலாக வீட்டுக்குக் கொடுப்போம். கொடுத்தேன். மூன்று மாதமும் அதே எட்டு எண்ணூறு.

தராசுதான் கெட்டுப்போச்சு என்று ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வைத்தேன். சரியாகக் காட்டியது. மனசு ஆறாமல் நானே ஏறி நின்றேன். உதவியாளர் கமலாக்கா எட்டிப் பார்த்தார்.

"தராசு நல்லாத்தான் கீது டீச்சர். நீங்க எறங்குங்க, பாவம் அது."

மாவு எங்கே போகிறது?

யாழினியின் அம்மா செல்வி. ஊரில் ரெண்டு வருஷம் மழை பொய்த்து, பிழைக்க வந்த குடும்பம். நாவலூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் கூட்டித் துடைக்கிற வேலை. அவள் வீட்டுக்காரருக்குக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை, கூப்பிட்டால்தான் உண்டு. மாவை விற்றுவிடுகிறாளோ என்று ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒண்ணாவது படிக்கும் மூத்தவள் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் புத்தி கெட்ட புத்தி என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் எடை மட்டும் ஏன் ஏறவில்லை?

"சத்தியமா ஒரு சொட்டு கீழ கொட்டல டீச்சர்."

ஏறியது

அப்புறம் மையத்திலேயே என் பக்கத்தில் உட்கார வைத்து, முட்டையும் சாதமும் என் கையாலேயே ஊட்டினேன். ரெண்டே மாதம். ஒன்பது கிலோ எண்ணூறு. மஞ்சள்! எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். செல்வி முகம் மட்டும் செத்துப்போச்சு. பெற்ற பிள்ளை தேறினால் அழுவார்களா?

"தராச இன்னொரு தடவ பாருங்க டீச்சர், உப்பு வெச்சுப் பாப்பீங்களாமே."

வராத நாள்

அடுத்த எடை நாளில் செல்வி குழந்தையைக் கூட்டி வரவில்லை. கோபமாக வீட்டுக்கே போனேன். யாழினி வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு எரிந்தது. "நல்லாத்தானே இருக்கா, என்னடி உனக்கு கேடு?" என்று கத்தினேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"பச்சை வந்துட்டா கூடுதல் பாக்கெட்ட நிறுத்திருவீங்களாமே. பள்ளிக்கூடம் லீவுன்னா பெரியவளுக்கு அந்தக் கஞ்சிதான் டீச்சர் சாப்பாடு."

யாழினி எடை ஏறணும் என்று வேண்டிக்கொள்வதா, அவள் அக்காவுக்காகக் கொஞ்சம் மெதுவாகவே ஏறட்டும் என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல், குன்றத்தூர் முருகன் முன்னால் போய் நின்று ஒன்றுமே கேட்காமல் திரும்பி வந்த ஒரே அங்கன்வாடி டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.