சிம்மத்துக்கும் கன்னிக்கும் நடுவில்

வெட்டிவேர் நனைகிற வாசனை வந்தால் எனக்குக் கோபம் வரும். வெயில் ஏறத் தொடங்கியதும் தில்லிக்காரர்கள் கூலரைத் துடைத்து, பக்கங்களில் வெட்டிவேர்த் தட்டிகளை மாற்றி, முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது தெருவுக்கே வந்துவிடும் வாசனை. மற்றவர்கள் நின்று மூச்சை இழுத்து அனுபவிக்கிறார்கள். நான் நினைவில் மயூர் விஹாரில் ஒரு மூன்றாம் மாடி அறைக்குப் போய்விடுகிறேன். அங்கே ஒரு லேப்டாப் திரையில் என் பிறப்பு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

நாற்பதைத் தாண்டிய வயதில் இரண்டாம் தடவை கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்திருந்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அது முதல் தடவை. அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பெற்றோர் போனபின் ஜனக்புரி வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவர் அக்கா. அக்கா தலையசைக்காமல் இவர் பனியன்கூட வாங்கமாட்டார் என்று நான் கேலி செய்வதுண்டு. அந்தத் தலையசைப்பு இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை என்பது கேலியில் சேராது. ஒரே ஒரு தடவை பொருத்தம் பார்த்துவிடலாம், அக்காவுக்காக, என்றார். அவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். அக்காவோடு நான் போனேன்.

ஜோசியர் மத்திய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சார்தான். அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த என் ஜாதகத்தைப் புரட்டியவர், பிறந்த ஊரைக் கேட்டார். தில்லி என்றேன். கணித்த ஊரைக் கேட்டார். கும்பகோணம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"தில்லித் தமிழங்க பாதிப் பேர் ஜாதகம் இப்படித்தாம்மா. உடம்பு இங்க, லக்னம் அங்க."

நடந்தது இதுதான். கும்பகோணத்து ஜோசியர் தன் ஊரில் சூரியன் உதித்த நேரத்திலிருந்து நாழிகை எண்ணிவிட்டார். வைகாசியில் தில்லிச் சூரியன் அதற்கு முன்பே எழுந்து மொட்டைமாடிகளைச் சுட ஆரம்பித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும் அப்பாவுக்குச் சூரியன் கும்பகோணத்தில்தான் உதித்தது.

சார் தில்லி உதயத்தைப் போட்டார். நான் பிறந்தபோது கிழக்கே எழுந்துகொண்டிருந்த ராசி சிம்மத்தின் விளிம்பைத் தாண்டிக் கன்னிக்குள் விழுந்தது. ஆனால் மயிரிழையில். அப்பா குறித்து வைத்ததோ, நர்ஸ் வராந்தாவுக்கு வந்து சொன்ன நேரம். அம்மாவைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: போன கரண்ட் திரும்பி வந்தது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது, நீ அழுதாய். அந்தக் காற்றைத்தான் நான் முதலில் குடித்திருக்கிறேன். எந்தப் பஞ்சாங்கம் அதைக் குறித்தது?

சிம்மமென்றால் அவர் ஜாதகத்தோடு பொருந்துகிறது, கன்னியென்றால் பொருந்தவில்லை என்றார் சார். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்தார். கூலர் இரைந்துகொண்டிருந்தது.

நடந்தவற்றை வைத்து நேரத்தைத் திருத்தலாம் என்றார் சார். அப்பா போன நாள், வேலைக்குச் சேர்ந்த நாள், முதல் கல்யாணம், அது கோர்ட்டில் முடிந்த நாள். கேட்கக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நிமிடங்களைத் தள்ளினார், இழுத்தார். என் அழுகைகள் வரிசையாக வந்து அவர் விரலுக்கு வேலை கொடுத்தன. எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்தின. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சாம் இடத்துல ஒரு இழப்பு தெரியுது. குழந்தை ஏதாவது தங்காம... அந்தத் தேதி கெடச்சா முடிஞ்சுது. மாசம் மட்டும் சொன்னாக்கூடப் போதும்."

தேதி எனக்குத் தெரியும். அன்று பனிமூட்டம், ஆட்டோக்காரர் கையை வெளியே நீட்டித் துழாவியபடி ஓட்டினார். எனக்கு ஐந்தாம் மாதம். வெறும் வயிற்றோடு திரும்பி வந்து, பெயர் வைக்காத ஒன்றை நான் ஒருத்தியாகச் சுமந்தேன். யாரும் துக்கம் கேட்டு வரவில்லை, அது துக்கமென்று யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்போது, இத்தனை வருஷம் கழித்து, என் பிறப்பைச் சரிபார்க்க அது சாட்சிக்கு வரவேண்டுமாம். அது எதற்கும் சாட்சியல்ல. என் கல்யாணத்துக்கு அது படிக்கட்டும் அல்ல. அந்தத் தேதி சிம்மத்தைத் தரலாம், அவரைத் தரலாம். தரட்டுமே. கொடுக்கமாட்டேன்.

"நேரம் தெரியலைன்னு போட்டுக்குங்க, சார்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அதற்காக அவர்மேல் இன்றும் மரியாதை உண்டு. லேப்டாப்பை மூடியதும் கூலரின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது. வெட்டிவேர் வாசனை மூக்கில் ஏறியது. எழுந்துகொண்டேன்.

மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் பேட்டரி ரிக்‌ஷா. கண்ணில் தூசி அடித்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன், முடியட்டும் என்றும் நினைத்தேன். பாலத்துக்கு அடியில் நெரிசலில் வண்டி நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த சார் கேட்டாருல்லா, அது... தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அச்சா" என்றார். அவர் திருநெல்வேலித் தமிழில் எப்படியோ ஒட்டிக்கொண்ட ஒரே இந்திச் சொல். கொஞ்சம் கழித்து, சிம்மம் என்று சொல்லிவிடலாமா, தம்பிக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு பதில் வேண்டுமே என்றார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. இருந்தாலும் தலையாட்டவில்லை. அந்த ஒரு பொய்க்குச் சம்மதித்தால், விளிம்பில் பிறந்ததற்காக நான் வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்க்கா. தெரியாதுன்னே சொல்லுங்க. நேரம் தெரியாத ஒருத்தியத்தான் கட்டிக்கப் போறார்னு."

ஸ்டேஷனில் பெண்களைச் சோதிக்கும் வரிசை நீளமாக இருந்தது. அக்கா கைப்பையைப் பெல்ட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். காலையிலிருந்து என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, தெரியாதுன்னே சொல்லுதேன். அவனுக்குப் பாவக்கா ஆகாது. அத மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ."