கை மாற்றி வாசித்த அண்ணன்

தந்தைக்குப் பின் எங்களுக்குத் தந்தையாகவே இருந்த அண்ணன் அவர்கள் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணியார் என்னிடம் தந்தார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் நான். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன் எலப்புள்ளியில் பிறந்தார். தந்தை காலமானதும் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, வாழையிலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக் கல்பாத்தி அக்ரஹார வீடுகளுக்குப் போட ஆரம்பித்தார். அந்த இலைதான் தங்கையின் திருமணத்தை நடத்தியது. என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது.

அவர் இலை போட்ட வீடுகளில் ஒன்று மிருதங்க வித்வான் ஒருவருடையது. காலையில் அங்கே பாடம் நடக்கும். அண்ணன் இலையைக் கொடுத்துவிட்டுச் சன்னலோரம் நிற்பார். சீடர்களின் முதுகு மறைக்கும். எதிரே அமர்ந்த குருவின் கைகள் மட்டும் தெரியும். பார்த்ததையெல்லாம், மிருதங்கம் செய்யும் ஊரான பெருவெம்பில் வாங்கிய பழைய மிருதங்கத்தில் வீட்டில் பழகினார்.

"உன்ற கொட்டுச் சத்தத்துல மாடே பால் விட மாட்டேங்குதுடா!" என்பார் அம்மா.

எழுபதுகளில் ஒரு நாள். அண்ணன் அப்போது இரண்டு குழந்தைகளின் தந்தை. விடுமுறையில் வந்திருந்த நானும் இலைக்கட்டுடன் சென்றிருந்தேன். சைக்கிள் சீட்டில் அவர் விரல்கள் தாளமிடுவதைக் குருநாதர் கண்டுவிட்டார்.

"இலைக்காரரே, விரல் சும்மா இருக்க மாட்டேங்கறதே! உள்ளே வந்து வாசிச்சுக் காட்டும்."

அண்ணன் கூச்சத்தோடு அமர்ந்தார். முன்னே வைத்த மிருதங்கத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசித்தார். சிரிக்கத் தொடங்கிய சீடர் ஒருவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். வாசிப்பு அவ்வளவு சுத்தம்.

"நீர் இடது கைக்காரரோ?"

"இல்லீங்க சாமி. திங்கறது, எழுதறது எல்லாம் வலது கைதானுங்க."

"பின்னே இதென்ன கூத்து?"

"நீங்க வாசிக்கற மாதிரியேதானுங்க வாசிக்கறேன்."

எதிரே நின்று பார்த்தவர், கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்து, வலக்கையின் வேலையை இடக்கைக்குப் பழக்கிவிட்டார். உள்ளே அமர்ந்து கற்பவரை முதல் நாளே குரு திருத்திவிடுவார். சன்னலுக்கு வெளியே நின்றவரைத் திருத்த யாருமில்லை.

குருநாதர் சிரிக்கவில்லை. "மேடையில பாடறவாளுக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் பிடில். நீர் இப்படி வாசிச்சா பிடில்காரர் இடம் மாறி உக்காரணும். உமக்காக யார் மாறுவா? மேடை வேணும்னா கையை மாத்தும். முதல் பாடத்திலேர்ந்து."

அண்ணனின் ஆசை மேடை ஒன்றுதான். அன்றே சீடரானார். ஆனால் கை மாறினாலும் கண் மாறவில்லை. குருவின் கையைப் பார்த்த உடனே அவர் விரல்கள் பழைய பக்கத்துக்கே ஓடின. மாதங்கள் கழிந்தன. அடுத்த விடுமுறையில் நானும் உடன் சென்றிருந்த ஒரு காலை, மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டார்.

"விட்டுப்போடறனுங்க சாமி. எனக்கு இலை போட்டாப் போதுமுங்க."

குருநாதர் தம் மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டார்.

"உறையைப் பிரியும். இப்போ என்னைப் பாரும்."

த, தி, தொம், நம் என்று இடக்கையால் தொடங்கினார். அவர் கை மாற்றிவிட்டதால், கண்ணாடிபோல் பார்த்தே பழகிய அண்ணனுக்கு இப்போது வலக்கை தானாக வந்தது. குருவுக்குத்தான் வரவில்லை. நாதம் பிசிறியது, விரல் தடுக்கியது, நாடறிந்த வித்வான் முதல் பாடத்திலேயே இரண்டு முறை தவறினார். சீடர்கள் தலை குனிந்திருந்தார்கள்.

"சிரிங்கோடா, பரவாயில்லை. எனக்கும் இன்னிக்குத்தான் விஜயதசமி."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணீர் வழிய வாசித்துக்கொண்டே இருந்தார். அண்ணனின் கை முழுதும் திரும்பும்வரை குருநாதர் அந்தப் பாடத்தைத் தம் கை மாற்றியே நடத்தினார். தாம் கற்ற அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு, தெரியாதவர் அருகே தெரியாதவராக வந்து உட்கார்ந்தார். குரு என்ற சொல்லின் பொருளை நான் அந்த வீட்டில்தான் கண்டேன். இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

அதன்பின் அண்ணன் வாசிக்காத கோயில் எங்கள் பக்கத்தில் இல்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகும் ஒரு நாள்கூடச் சாதகம் தவறவில்லை. கற்க வந்த எவரையும் வாசலில் நிற்க விட்டதில்லை. இதயநோயால் படுத்த கடைசி வாரங்களிலும் மாணவர்கள் கட்டிலருகே அமர்ந்து வாசித்தார்கள். அவர் கண்மூடிக் கேட்டார்.

அவரை இரவும் பகலும் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. நன்றியைப் பெற்றுக்கொள்ளக் குருநாதர் இன்று இல்லை. அண்ணனின் முதல் கச்சேரிக்கு அவர் வந்திருந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டு அழைத்தேன்.

"வேண்டாம்ப்பா. என்னைக் கண்டா என் கையைத்தான் பாப்பான். இன்னிக்கு அவன் கையை அவன் நம்பட்டும்."

அண்ணனின் கண்ணில் படாமல், மேடைக்குப் பின்னால் நின்றபடியே கச்சேரி முழுவதையும் கேட்ட அந்தப் பெரியவரை, எங்கள் குடும்பம் தலைமுறைதோறும் வணங்கும்.