ஐசாக்கரின் பலகையும் இரண்டு பம்முகளும்

உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஐசாக்கருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. சொன்னால் நம்பமாட்டீர்கள். சுற்றுவட்டாரத் தூண்டில்காரர் அத்தனை பேரையும் வருஷக்கணக்காக ஒன்றாகக் கட்டி மேய்த்த மனிதர், தன் கையால் ஒரு கெளிறைக்கூடக் கரையேற்றியதில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டுப் பக்கத்து ஆளோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். மீன் ஆறுதலாக இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

எண்பத்துநாலாம் ஆண்டு கடையின் அடைப்புப் பலகை ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, வாசலில் சாத்தி வைத்தார். தொடக்கம் அதுதான். ரியூப் ஒட்ட வருகிறவன் வல்லைப் பாலத்தடியில் யப்பான் மீன் கொத்தியது என்று அளப்பான். அவன் போனபிறகு இன்னொருவன் வந்து, தொண்டைமானாற்றில் ஒன்றும் கொத்தவில்லை என்று அழுவான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? உதிலை எழுதிவிட்டுப் போங்கோ" என்று சோக்குக் கட்டியை நீட்டினார் ஐசாக்கர்.

பலகைக்குச் சட்டம் இருந்தது. அரசியல் எழுதப்படாது. மீனைப் பற்றிப் பொய் எழுதலாம், ஆளைப் பற்றி எழுதப்படாது. வெறுங்கையோடு வந்தவன் ஏன் வெறுங்கை என்று கட்டாயம் எழுதவேண்டும். இந்தக் கடைசிச் சட்டம்தான் பலகையைத் தூக்கி நிறுத்தியது. 'மாமியார் எதிர்ப்பட்டா' என்று ஒருத்தர் எழுத, 'எனக்கும் அதே மாமி' என்று அவரின் சகலன் கீழே எழுத, சந்தியே வயிறு வலிக்கச் சிரித்தது.

ஒரு விஷயத்தை ஐசாக்கர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். எழுதினவனுக்கு ஒருவரும் மறுமொழி போடாவிட்டால் அவன் அடுத்தமுறை எழுதமாட்டான். அதனால் கிறீஸ் கையோடு எழும்பிப் போய், ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒரு கேள்வி போடுவார். 'என்ன இரை?' 'காற்று எந்தப் பக்கம்?' எழுதினவன் மறுமொழி சொல்லவென்றே மறுநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான். சைக்கிளில் ஒரு குறையும் இராது.

மீனை அளக்கவும் கடையில் ஒரு வழி இருந்தது. நின்றுகொண்டு காற்றடிக்கிற பித்தளைப் பம் ஒன்று. பிடித்த மீனைக் கொண்டுவந்து பம்மோடு சேர்த்துக் கிடத்துவார்கள். அரைப் பம், முக்கால் பம் என்று பலகையில் ஏறும். எண்பத்தாறில் ஸ்ரேசன் மாஸ்ரர் தில்லைநாதன் ஒரு கொடுவாயைச் சைக்கிள் பாறில் கட்டிக்கொண்டு வந்தார். பம்மைத் தாண்டி நாலு விரல். அந்த வரியை ஒருவரும் அழிக்கக்கூடாது என்று பலகையின் மேல் மூலையில் பெயின்றாலேயே எழுதிவிட்டார் ஐசாக்கர்.

தொண்ணூறில் யுத்தம் மறுபடி மூண்டு எல்லாம் தலைகீழானது. ரயில் நின்றது. கடலுக்குப் போகத் தடை. கரன்ற் இல்லை, சவர்க்காரம் இல்லை, தூண்டில் முள்ளும் இல்லை. முள்ளுக்கு ஐசாக்கர் ஒரு வழி கண்டார். பழைய சைக்கிள் சில்லுக் கம்பியை நறுக்கி, அராவி, வளைத்துக் கொடுத்தார். ஆனால் ஆட்களின் மனதை வளைக்க எந்தக் குறட்டால் முடியும்? பலகையில் நாலைந்து நாளாக ஒரே வரி கிடந்தது. அதுவும் ஐசாக்கரே எழுதியது.

பிள்ளைகள் இல்லாத வீடு ஐசாக்கருடையது. பின்னேரத்தில் கடை வாசலில் கூடுகிற அந்தக் கூட்டம்தான் அவருக்கு வீடு நிறைந்த சனம். பலகை வெறுமையாகக் கிடந்த நாள்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இஞ்சேருங்கோ, அவையும் பாவங்கள்தானே, எத்தினை பாட்டோடை திரியினம்" என்று மனைவி சீலா சொல்லிப் பார்த்தா. "உந்தப் பலகை நிண்டுபோனால் நானும் நிண்டுபோவன், சீலா" என்றார் அவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவவுக்கு விளங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிமியோன் வந்து சேர்ந்தான். குருநகரில் வலைத்தொழில் செய்தவன், இடம்பெயர்ந்து உரும்பிராயில் தெரிந்த வீடொன்றில் இருந்தான். கடல் இல்லாமல் கை துறுதுறுத்தவனுக்கு ஐசாக்கர் ஒரு முள்ளும் கொஞ்சம் தங்கூசி நூலும் கொடுத்து வல்லைக்கு அனுப்பினார். பொழுதுபடமுன்னர் ஒரு கொடுவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான் பாவி. அளந்தார்கள். பம்மைத் தாண்டி ஆறு விரல்.

"ஆரின்ரை விரல்?" என்று எழும்பினார் தில்லைநாதன். "வலை இழுத்த விரல், உன்ரை ஒண்டு என்ரை ஒண்டரை. அதை விடு. உது எந்தப் பம்?"

அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. பித்தளைப் பம் தேய்ந்துபோக, இரண்டு வருஷத்துக்கு முன்னரே ஐசாக்கர் ஓர் இரும்புப் பம் வாங்கிவிட்டார். அது கட்டையா, நீளமா என்று ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மாஸ்ரரின் மீன் எப்போதோ குழம்பாகிப் போயிற்று. பழைய பம் இருந்தால்தான் வழக்குத் தீரும்.

"வீட்டிலை கிடக்கும், எடுத்தாறன்" என்று சைக்கிளில் ஏறினார் ஐசாக்கர். கோழிக்கூட்டின் கூரைக்குள் செருகியிருந்த பம்மை இழுத்தெடுத்து, தூசியையும் துடைத்தாயிற்று. கடைப் பக்கம் திரும்பி வந்தவர், தெருமுனையிலேயே காலை ஊன்றி நின்றார். பலகையைச் சுற்றிச் சனம். ஒருவன் எழுத, மற்றவன் சோக்கைப் பறித்தான். மாதக்கணக்காகக் காணாமல் போன முகங்களெல்லாம் அங்கே நின்றன. பலகையில் இடமில்லாமல் சுவரிலும் எழுதினார்கள். ஐசாக்கருக்குச் சந்தோசம்தான். சைக்கிளைத் திருப்பினார். பம் மறுபடியும் கோழிக்கூட்டுக் கூரைக்குள் போயிற்று.

"பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டன் போலை" என்று வந்து சொன்னார். மீனைப் பற்றிய பொய்க்குச் சட்டம் இடம் கொடுக்கிறதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாத்திரம் போதகரின் முகத்தை நேரே பார்க்கவில்லை.

அதன்பிறகு பலகைக்கு ஓய்வே இல்லை. பித்தளைக் கட்சி, இரும்புக் கட்சி என்று ஊர் இரண்டுபட்டது. குண்டு விழுந்த கிழமையிலும், 'பதுங்குகுழிக்குள் யோசித்துப் பார்த்தேன், இரும்பு கட்டைதான்' என்று ஒரு வரி இருந்தது. தில்லைநாதனும் சிமியோனும் பின்னேரம் தவறாமல் வந்து சண்டை பிடித்தார்கள். பிடித்த கையோடு ஒரே சைக்கிளில் வல்லைக்குப் போனார்கள். மழைக்கு ஐசாக்கர் வீட்டுக் கோழிக்கூட்டுக் கூரை பிய்ந்தபோது, அவர் கடையில் நின்ற நேரம், அவர்கள் இருவரும்தான் போய் வேய்ந்து கொடுத்தார்கள். செய்தி கேட்ட ஐசாக்கர் ஓடிப்போய்ப் பார்த்தார், பம் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ராணுவம் நெருங்க, வலிகாமமே ஊர் ஊராக எழும்பிப் பாலம் கடந்து நடந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐசாக்கரும் சீலாவும் ஒதுங்கினார்கள். தில்லைநாதனும் சிமியோனும் முன்னரே அங்கே வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் முற்றம் நிறையச் சைக்கிள்கள். பாரம் ஏற்றி வந்ததில் ரயரெல்லாம் சூம்பிக் கிடந்தன. ஐசாக்கர் இரும்புப் பம்மை எடுத்து அடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அதன் தண்டு முறிந்தது. தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிவந்த ஒரு பெண், மருத்துவரிடம் போகவேண்டும் என்று காற்றுக்குக் காத்து நின்றாள்.

அவர்கள் கட்டிக்கொண்டு வந்த சாக்கின் அடியில் பித்தளைப் பம் இருந்தது. விட்டுவர மனம் வராமல் அவரே செருகியது. வெளியே எடுத்தால் கதை முடிந்தது. பொய் வெளிப்படும், வழக்குத் தீரும், மிஞ்சியிருக்கிற ஒரு கூட்டமும் கலையும். ஐசாக்கர் அந்தத் தாயைப் பார்த்தார். சாக்கை அவிழ்த்தார்.

பித்தளை வெயிலில் மினுங்கியது. தில்லைநாதன் காலைத் தூக்கித் தன் ரயில்வேச் சப்பாத்தின் நாக்கை அறுத்து நீட்டினார். "பம்மின்ரை தோல் வாசர் தேய்ஞ்சு கிடக்கும். இதை வெட்டிப் போடும்."

சப்பாத்துத் தோலில் வாசர் வெட்டிப் போட்டு, அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்து அனுப்பிய பிறகு ஐசாக்கர் தில்லைநாதனிடம் திரும்பினார். "மாஸ்ரர், ஒண்டும் கேக்கேல்லையோ?"

"என்னத்தைக் கேக்கிறது? கூரை வேய வந்த அண்டைக்கே கண்டனாங்கள்."

"கண்டிட்டோ இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சனியள்?"

"சீலா அக்காதான் சொன்னவ" என்றான் சிமியோன். "பலகை நிண்டுபோனால் நானும் நிண்டுபோவன் எண்டு சொன்னனீங்களாம். பிறகென்ன செய்யிறது, சண்டை பிடிச்சம்."

ஐசாக்கர் சீலாவைத் தேடினார். அவ அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஊதிக்கொண்டிருந்தா. அடுப்பில் நெருப்பே மூட்டியிருக்கவில்லை. அவர் முகத்தைத் துவாயால் துடைத்தார். ஊரையெல்லாம் தான் கட்டிக் காக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தார்.

"அளந்தும் பாத்தனியளோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்."

"ஆரின்ரை மீன் பெரிசு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அதைச் சொன்னால் பிறகு என்னத்தை எழுதுறது, அண்ணை?" என்றான் சிமியோன்.

வகுப்பறைச் சுவரில் அசல் கரும்பலகை ஒன்று இருந்தது. அன்று பின்னேரம் அதில் சிமியோனின் எழுத்து ஏறியது: 'கச்சாய்க் கரை. வெறுங்கை. புது இடம், மீனுக்கு என்னைத் தெரியாது.' ஐசாக்கர் கீழே கிடந்த சோக்குத் துண்டைப் பொறுக்கி, அதன் கீழ் எழுதினார்: 'என்ன இரை?'