மூஞ்சிப்பெட்டிக்கு வைத்த பொட்டு

என் வேலைக்கு வேண்டிய சாமான்களில் ஸ்டிக்கர் பொட்டும் ஒன்று என்றால் யாரும் நம்புவதில்லை. முகத்தில் மாட்டிப் பார்க்கிற வி.ஆர். ஹெட்செட்டுக்குள், இரண்டு லென்சுக்கும் நடுவில், புருவம் படுகிற இடத்தில் ஒரு சின்னக் கண் உண்டு. முகத்தில் மாட்டியிருக்கிறோமா, கழற்றிவிட்டோமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கழற்றியதும் திரை அணைந்து கருவி தூங்கிவிடும். நானோ செயலியைத் திருத்தித் திருத்தி, ஒரு நாளைக்கு முப்பது தடவை கேபிள் வழியாக அதற்குள் ஏற்றிப் பார்க்கிறவள். ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால் விளங்கினாற்போலத்தான். அதனால் அந்தக் கண்மேல் ஒரு மெரூன் பொட்டை ஒட்டிவிடுவேன். யாரோ மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு அது முழித்தே கிடக்கும். மலையடிவாரத்தில், வடக்கனந்தலில் எங்கள் வீட்டில் அந்த ஹெட்செட்டுக்கு மூஞ்சிப்பெட்டி என்று பெயர்.

நான் அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பேனா என்பதே ஒரு நாள் அந்தப் பெட்டியின் கையில்தான் இருந்தது. மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது அவளை வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனேன். ஒன்றரை வருஷம் நான் அவளுக்குப் போனில் வருகிற அம்மா. வீடியோவில் என்னைப் பார்த்ததும் பொட்டு அட்டையை எடுத்து வந்து, திரையில் என் நெற்றியைத் தேடி ஒட்டுவாளாம். "போன் பூரா ஒரே கோந்து, இன்னா பொண்ணு பெத்து வெச்சிருக்க" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். சிரித்துவிட்டு, லைனை வைத்த பிறகு அழுவேன். கெஞ்சிக் கூத்தாடி, ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த முதல் வாரம் அவள் என்னிடம் வரவே இல்லை. அம்மா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டினாள். அப்புறம் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அந்த ஆறு மாதம் முடிகிற வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "வெள்ளிமலை டெமோ நல்லா நடந்தா நீங்க அங்கேயே இருங்க. சொதப்பினா ஒண்ணாம் தேதி ஆபீசுக்கு வந்துடணும். கிராமத்துல உக்காந்து இந்த வேலைய பாக்க முடியுமான்னே எனக்கு டவுட்டு." பேரூராட்சி சார், கிராமம் இல்லை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

நாங்கள் செய்திருந்தது எங்கள் ஊருக்கு மேலே வெள்ளிமலையில் வேலை பார்க்கிற நர்சுகளுக்கான பயிற்சிச் செயலி. பெட்டியை மாட்டினால் எதிரே கட்டிலில் ஒரு பெண். பிரசவம் முடிந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருப்பாள். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் என்னென்ன செய்யவேண்டும் என்று கையால் செய்தே பழகலாம். அதில் வரும் குரல் ரேடியோச் செய்தி மாதிரி இருக்கிறது, நம்ம ஊர்ப் பேச்சில் வேண்டும் என்று டெமோவுக்கு முதல் நாள் சாயங்காலம் தகவல் வந்தது. விடிகாலையில் புதுக் குரலைச் சேர்த்தேன். கிளம்புகிற நேரத்தில் மகள் காலைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. அவளைப் பிய்த்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை அப்படியே பைக்குள் திணித்து ஜீப்பில் ஏறினேன்.

ஜீப் வீட்டுக்காரருடையது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போய் வருகிறவர், அன்றைக்கு என்னை மட்டும் ஏற்றினார். லேப்டாப் என் மடியில் திறந்தே இருந்தது. அதில் புது பில்டு, அதாவது புதுக் குரல் சேர்ந்த செயலி, தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் நான் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். மலை உச்சிக்கு வந்தபோது பில்டு முடிந்தது. அப்பாடா என்று பையைத் திறந்து பெட்டியை எடுத்தால், செத்துக் கிடக்கிறது.

பொட்டு! பொட்டை எடுக்க மறந்திருக்கிறேன். பைக்குள் இருந்தபடியே, யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்று நம்பி, வழியெல்லாம் முழித்துக் கிடந்து அத்தனை சார்ஜையும் தின்று தீர்த்திருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பொட்டைப் பிய்த்து வெளியே சுண்டி எறிந்தேன்.

பயிற்சிக் கூடத்தில் கரண்ட் இல்லை. டெமோ பார்க்க சுகாதாரத்துறை அதிகாரி பதினொரு மணிக்கு வருகிறார், மணி பத்து. வீட்டுக்காரர் ஜீப் எஞ்சினை ஓடவிட்டு, வண்டியிலிருந்த சார்ஜரில் பெட்டியைச் சொருகினார். "ஏறும் ஏறும், நீ ஏன் இப்படி பறந்துகினு இருக்க? தண்ணியக் குடி" என்றார். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் இருபது சதவீதம் காட்டியது. பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுபோய், கேபிளை லேப்டாப்பில் மாட்டினேன். இந்த லேப்டாப்பை அனுமதிக்கலாமா என்ற கேள்வி பெட்டிக்குள்தான் வரும், மாட்டியிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மாட்டிக்கொண்டு ஆமாம் என்று அழுத்தினேன். பில்டு ஏறியது. நிமிர்ந்தால் அதிகாரி உள்ளே வந்துகொண்டிருக்கிறார்.

முதலில் வயதில் மூத்த நர்சம்மா மாட்டிக்கொண்டார்; லேப்டாப்பிலிருந்து செயலியைத் திறந்துவிட்டேன். புதுக் குரல் அவர் காதில் பேசியதும் "அடியாத்தே, நம்ம ஊட்டுப் பொண்ணு கணக்கா பேசுது" என்று சிரித்தார். கையை நீட்டி, அழுத்தி, தடவி, ஒன்றுவிடாமல் செய்தார். எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி, "குடுங்கம்மா, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினார். நர்சம்மா கழற்றிக் கொடுத்தார். அதிகாரி மாட்டினார்.

"ஒண்ணும் தெரியலயே. இருட்டா இருக்கு."

அவர் மாட்டியிருக்கும்போதே லேப்டாப்பிலிருந்து செயலியை மூடித் திறந்தேன். தெரிந்தது. அதிகாரி தலைப்பட்டையை இறுக்கிக்கொள்ள ஒரு தடவை கழற்றி மாட்டினார். மறுபடி இருட்டு. ஒண்ணாம் தேதி பஸ்சும், போனைக் காட்டுகிற என் மகளின் விரலும் கண்முன்னால் வந்து நின்றன.

அப்போதுதான் உறைத்தது. கருவி தூங்கி எழுந்தால் எங்கள் செயலி எழுந்திருப்பதில்லை. ஆறு மாதமாக இந்தக் கோளாறு உள்ளேயே இருந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன்? பொட்டு ஒட்டி அதைத் தூங்கவே விடாமல் வைத்திருந்தவள் ஆயிற்றே.

கை தானாக நெற்றிக்குப் போனது. என் பொட்டை எடுத்து, பெட்டிக்குள் அந்தக் கண்மேல் ஒட்டினேன். "ஐயய்யோ, இன்னாம்மா இது, நெத்தியில இருக்கிறத எடுக்கற?" என்று நர்சம்மா பதறினார். "அதுக்குத்தான் இப்ப அவசரம்" என்றேன். செயலியை மூடித் திறந்து கொடுத்தேன். அதிகாரி பார்த்தார். அவர் கையிலிருந்து இன்னொரு நர்சு, அவர் கையிலிருந்து இன்னொருவர். பெட்டி தூங்கவில்லை. "நல்லா இருக்கு. அடுத்த வாரமே எல்லா நர்சுக்கும் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

வெளியே சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றபோது மேனேஜரே கூப்பிட்டார். "சூப்பரா போச்சாமே?"

ஆமாம் சார் என்று சொல்லி வைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கட்டிலில் கிடக்கிற அந்தப் பெண்ணும், அவளைக் காப்பாற்றப் பழக வருகிறவர்கள் பார்க்கப்போகிற இருட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொட்டு உட்பட. "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

"அதான் நல்லா முடிஞ்சிதே, இன்னாத்துக்கு நீயா வாயக் குடுத்த?" என்றார் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்குதாங்க?" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மலை இறங்குகிற வழியெல்லாம் சிக்னல் இல்லை. வெறும் நெற்றியை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடிவாரத்தில் போன் துடித்தது. மேனேஜரின் செய்தி. "நாளைக்கு மதியத்துக்குள்ள திருத்தின பில்டு வரணும். எங்கேருந்துன்னு நான் கேக்கல." இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வண்டியை ஓரம் கட்டிப் படித்தார். "கேக்கலயாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்குப் போனதும் மகள் ஓடி வந்தாள். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "பொட்டு எங்க?"

"மூஞ்சிப்பெட்டிக்கு வெச்சுட்டேன்" என்றேன்.

உள்ளே ஓடிப் பொட்டு அட்டையோடு வந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். ஒன்றைப் பிய்த்து, என் நெற்றியில் வைத்து, போனில் ஒட்டிய பழக்கத்தில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினாள். என் தலை பின்னால் சாய்ந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். போன் கண்ணாடியைத் தடவுகிற மாதிரி நெற்றியை ஒருமுறை தொட்டாள். "சுடுது" என்றாள்.